தண்டனை பெற்ற பிறகும் கறுப்புக் கோட்டு

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் விபத்தில் இறந்ததற்குக் கிடைத்த இழப்பீட்டில் பெரும்பகுதியை எங்கள் வக்கீலே எடுத்துக்கொண்டார். வழக்குப் போட்டோம். நம்பிக்கை மோசடி என்று தீர்ப்பாகி இரண்டு வருடம் தண்டனையும் விழுந்தது. போன வாரம் அண்ணி வேறு வேலையாகக் கோர்ட்டுக்குப் போனால், அதே ஆள் கறுப்புக் கோட்டோடு நிற்கிறார். "அப்பீல் இருக்கும்மா" என்றாராம். தண்டனை வந்தால் தொழில் தானாகப் போய்விடாதா?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

தானாகப் போகும் என்று சட்டத்தில் நேராக எழுதியிருக்கவில்லை. உங்கள் அண்ணிக்கு அந்தக் கோர்ட்டு வராந்தாவில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், 24ஏ பிரிவு. ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவர் விடுதலையாகி இரண்டு ஆண்டு ஆகும்வரை வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. ஏற்கெனவே பதிவு செய்தவரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. உத்தரப் பிரதேசத்தில் சிவில் நீதிபதியை மிரட்டிய மகிபால் சிங் ராணா வழக்கில், 2016இல் உச்ச நீதிமன்றமே இந்த முரணைச் சுட்டிக்காட்டியது. அந்தத் தடை ஏற்கெனவே பதிவு செய்தவருக்கும் பொருந்தும் என்று சொல்லி, ராணாவின் பதிவை இரண்டாண்டும், தண்டனையாக மேலும் ஐந்தாண்டும் நிறுத்திவைத்தது. சட்டத்தை மறுபரிசீலனை செய்யவும் சொன்னது.

அப்பீல் என்பதும் சரியான பதில் அல்ல. அப்பீலில் பெரும்பாலும் நிறுத்திவைப்பது சிறைவாசத்தைத்தான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். அதற்குத் தனியாகத் தடை வாங்க வேண்டும்.

ஆனால் எந்தத் தண்டனைக்கும் தொழில் தானாகப் போகட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. 1908இல் ராஜதுரோகம் என்று வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அப்பீலில் தண்டனை குறைந்தது. சன்னது, அதாவது வக்கீல் தொழில் உரிமம், போனது போனதுதான். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. அந்தக் கல்லில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கொடுமை, 1912 கடைசியில் வெளியே வந்தவர் கற்ற தொழிலைச் செய்ய முடியாமல் வறுமையில் கிடந்தது. பின்னால் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பியது. அந்த நன்றியில்தான் ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர். காந்தியையும் லண்டனில் பாரிஸ்டர்களைச் சேர்க்கும் இன்னர் டெம்பிள் சங்கம் 1922இல் நீக்கியது. திரும்பச் சேர்த்தது 1988இல்.

அதனால் குற்றம் என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். கட்சிக்காரர் காசைத் தின்றதில் பார்க்க ஒன்றுமில்லை. தீர்ப்பு வந்த அன்றே, வக்கீல்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் அமைப்பான பார் கவுன்சில் தானாக விசாரணையைத் தொடங்கியிருக்க வேண்டும். புகார் வராமலும் தொடங்க அதே வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கண்டிப்பது, தற்காலிகமாக நிறுத்துவது, பதிவேட்டிலிருந்தே பெயரை நீக்குவது எல்லாம் அவர்கள் கையில்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி, அண்ணி பெயரில் தமிழ்நாடு பார் கவுன்சிலுக்குப் புகார் கொடுங்கள். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். புகார் கொடுத்த தேதிக்கு அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.