அவள் எழுதியது மாயையா?

கேள்வி: உப்புவெளியில் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகில் வேலை செய்கிறேன். போன சீசனில் வந்த ஸ்பெயின் நாட்டுப் பெண்ணுடன் இப்போதும் வட்ஸ்அப்பில் கதைப்பேன். திருகோணமலைக்குத் திரும்பி வருவது பற்றி, "மே ஆசே முச்சா இலுசியோன்" என்று தன் மொழியில் எழுதியிருந்தாள். இங்கிலிஷ் படித்த நண்பன், "இலூஷன் என்றால் மாயை, எல்லாம் பொய் என்கிறாள்" என்கிறான். புளொக் பண்ணவா? கட்டாரில் ஒரு வேலையும் வந்திருக்கிறது.
– பெயர் வேண்டாம், திருகோணமலை

பதில்: தம்பி, முதலில் ஃபோனைக் கீழே வையுங்கள். நண்பருக்குத் தெரிந்தது இங்கிலிஷ். அந்தப் பிள்ளை எழுதியது ஸ்பானிஷ்.

இரண்டு சொல்லும் லத்தீன் வயிற்றில் பிறந்தவைதான். விளையாடுதல் என்ற வினையிலிருந்து வந்து, கேலி செய்தல், ஏய்த்தல் என்று ஆன சொல். இங்கிலிஷில் அந்த ஏய்ப்பு அப்படியே தங்கிவிட்டது. ஸ்பானிஷில் அதனோடு இன்னொரு பொருளும் முளைத்தது: வரப்போவதை நினைத்து மனம் துள்ளுவது. ஸ்பெயினில் ஜனவரி 5 இரவு, குழந்தை இயேசுவைக் காணப் போன மூன்று அரசர்கள் பரிசு கொண்டுவருவார்கள் என்று தூங்காமல் கிடக்கும் பிள்ளைகளுக்கு இருப்பது இலுசியோன். ஹூலியான் மரியாஸ் என்ற தத்துவ அறிஞர் 1984இல் இந்த ஒரு சொல்லுக்காகவே சிறு நூல் எழுதினார். ஆக, அவள் சொன்னது: "திரும்பி வர எனக்குச் சரியான ஆசை."

(மாயை என்றாலே பொய் என்கிற உங்கள் நண்பர் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் என்றால், இதையும் சொல்லுங்கள். சைவ சித்தாந்தத்தில் மாயை பொய்யல்ல, உண்மையில் உள்ள பொருள். விடியும்வரை உதவும் விளக்கு என்கிறார் உமாபதி சிவம்.)

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. அவள் ஆசைப்படுவது திருகோணமலைக்கு வர. இங்கே புறாமலை இருக்கிறது, நிலாவெளிக் கடல் இருக்கிறது, திமிங்கிலம் இருக்கிறது. நீங்களும் அவள் மனதில் இருக்கலாம். அந்த வசனத்தில் இல்லை. ஸ்பானிஷிலேயே "ஆசெர்சே இலுசியோனெஸ்" என்று ஒரு வழக்கு உண்டு. மனக்கோட்டை கட்டுவது என்று அர்த்தம். உங்கள் கடிதத்தில் அந்த வேலை பாதி முடிந்த மாதிரித் தெரிகிறது.

ஒரு வரிக்காகக் கட்டார் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். கோபத்தில் அதற்குக் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். ஏஜென்சிக்கு வேலைவாய்ப்புப் பணியகத்தின் லைசென்ஸ் இருக்கிறதா, ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு என்று பார்த்து முடிவெடுங்கள். அவளிடம் எந்த மாதம் வருகிறாள் என்று நேராகக் கேளுங்கள். மாரிகாலத்தில் வருவதாக இருந்தால் படகு ஓடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.