அமெரிக்காவில் இருக்கிறேன். .308 ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா மறுநிரப்ப எந்த சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்கலாம்?

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் என்பது ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் கைக்கருவி. .308 என்றால் வார்ப்பிரும்பு உடல், எல்லாப் பக்கமும் மூடிய ஓ வடிவச் சட்டம். இந்த இரண்டிலும் சமரசம் வேண்டாம். சுட்ட பித்தளைக் கூட்டை முழு நீளத்துக்கும் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போதுதான் கைப்பிடியில் முழு பலமும் விழுகிறது. பக்கம் திறந்த சி வடிவச் சட்டம் அந்த அழுத்தத்தில் லேசாக விரியலாம். கூட்டின் தோள் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) அளவு ஒன்றுக்கொன்று மாறிவிடும்.

ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், லீ கிளாசிக் காஸ்ட் இரண்டுமே இந்த வகைதான். என் ஓட்டு லீக்கு. விலை குறைவு என்பதோடு, கழன்று விழும் பழைய பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), கூட்டை மேலே தள்ளும் ராம் தண்டின் நடுத்துளை வழியே குழாயில் இறங்கிவிடும். பிரைமரோடு வரும் கரித்தூளில் ஈயம் இருக்கும், வீட்டுக்குள் சிதறவே கூடாது. டைகளை, அதாவது கூட்டை வடிவமைக்க பிரஸ்ஸில் திருகும் அச்சுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 7/8-14 மரை பொதுவானது, ஏறக்குறைய எந்தக் கம்பெனி டையும் பொருந்தும்.

அப்புறம் மேசை. ஆடுகிற மேசையில் எவ்வளவு நல்ல பிரஸ்ஸும் வீண். தடித்த பலகையில் ஊடுருவும் போல்ட் போட்டு இறுக்குங்கள். வெடிமருந்தின் அளவை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். அச்சிட்ட கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்தே ஆரம்பியுங்கள்.