கண்மாயில் நீர்க்காகம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சிவகங்கை மாவட்டத்துக்காரன். சின்ன வயதிலிருந்து ஊர்க் கண்மாயில் தூண்டில் போடுகிறேன். முன்பெல்லாம் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் குழம்புக்குத் தேறிவிடும். மூன்று வருடமாக நீர்க்காகம் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறது. தக்கை அசையவே மாட்டேன் என்கிறது. மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் எடுத்தவர், விட்ட குஞ்செல்லாம் போச்சு என்று புலம்புகிறார். வெடி போட்டு விரட்டணும், அது கூடு கட்டுகிற கருவேல மரங்களை வெட்டணும் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு. நீங்கள் பறவைகளைப் பற்றி எழுதுகிறவர். எங்கள் பக்கம் நியாயமே இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நியாயம் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கி ஏலம் எடுத்து, கட்லா, ரோகு குஞ்சுகளை விலைக்கு வாங்கி விட்டவருக்கு, விடிந்ததும் நூறு நீர்க்காகம் முங்கி முங்கி எழுவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். விரலளவுக் குஞ்சு அதற்கு ஒரு வாய்தான்.

ஆனால் கண்மாயில் மீன் குறைந்ததற்கு மொத்தப் பழியையும் அதன் தலையில் போடுவதை என்னால் ஒப்ப முடியவில்லை.

போன மாசியில் ஒரு கண்மாய் மடையருகே உட்கார்ந்திருந்தேன். சின்ன நீர்க்காகம் ஒன்று, அரைக் கிலோ எடை இருக்கும், முங்கி எழுந்தபோது அலகில் ஜிலேபிக் கெண்டை குறுக்காக மாட்டியிருந்தது. அப்படியே விழுங்கினால் முதுகுமுள் தொண்டையில் குத்தும். தூக்கிப் போட்டுப் பிடித்தது. மறுபடி போட்டது. நாலாவது தடவை மீனின் தலை முன்னால் வந்ததும் ஒரே விழுங்கு, கழுத்து புடைத்து இறங்கியது. அப்புறம் மடையின் கல்தூணில் ஏறி இறக்கையை விரித்துக் காயவைத்தது. வாத்துக்குப் போல அதற்குத் தண்ணீர் வழிந்தோடாது, இறகு நனைந்துவிடும். நான் இருந்த அரை மணி நேரத்தில் அது பிடித்தது மூன்று. மூன்றுமே ஜிலேபி.

இந்த ஜிலேபி நம் ஊர் மீன் கிடையாது. ஆப்பிரிக்காவில் பிறந்தது, 1952-இல் இலங்கை வழியாக இங்கே வந்தது. வருடத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். கூட்டம் பெருத்தால் இரை போதாமல் கையளவுக்கு மேல் வளராது, கட்லா, ரோகுவுக்குப் போகவேண்டிய இரையிலும் பங்கு கேட்கும். அந்தப் பொடி ஜிலேபியைக் கழிப்பதில் நீர்க்காகத்துக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று. மரத்தில் இருக்கிற பறவையை எண்ணி உங்கள் கண்மாய் மீனைக் கழிக்காதீர்கள். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான், அங்கே ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. அந்த ஏரியை மட்டும் நம்பி அத்தனையும் பிழைக்க முடியுமா? இரைக்குச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறக்கின்றன. உங்கள் மரத்துப் பறவைகளும் அப்படித்தான். கூட்டத்தில் நத்தைகுத்தி நாரை இருந்தால் அதையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், அதற்கு நத்தைதான் சாப்பாடு. தண்ணீர் வற்ற வற்ற மீன் ஒரு பள்ளத்தில் சேரும், அப்போது பறவையும் அங்கே குவியும். நம் கண்ணில் நிற்பது அந்த ஒரு காட்சிதான். திருட்டுத்தனமாகக் கொசுவலையைப் போட்டுப் பொடிக்குஞ்சோடு அரித்துக்கொண்டு போவது ராத்திரியில் நடப்பதால் கண்ணில் படுவதில்லை.

வேடந்தாங்கல்காரர்கள் 1798-இலேயே, பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து செங்கல்பட்டு கலெக்டரிடம் போய்த் தடை உத்தரவு எழுதி வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்று அனுபவத்தில் அறிந்த விவசாயிகள் அவர்கள். அவ்வளவு தூரம் எதற்கு, உங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை.

வெடியால் ஏலக்காரருக்கும் லாபம் இல்லை. பறவை எழும்பி நாலு வட்டம் அடித்துவிட்டு அதே தண்ணீரில் இறங்கும். கூடு இருக்கும்போது வெடித்தால் தாய்ப்பறவை எழுந்துபோன நேரத்தில் குஞ்சுகள் வெயிலில் வதங்கிச் சாகும். கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மரம் வெட்டுகிற பேச்சை ஊர்க்கூட்டத்தில் நீங்களே எழுந்து நிறுத்துங்கள்.

சரி, குஞ்சைக் காப்பாற்ற என்ன செய்யலாம்? விரலளவில் நேராகக் கண்மாயில் விடக்கூடாது. மேலே வலை மூடிய சின்னக் குட்டையிலோ, தண்ணீருக்குள் கட்டிய வலைக்கூண்டிலோ வளர்த்து, சாண் அளவு வந்ததும் விட்டால் சின்ன நீர்க்காகத்தால் விழுங்க முடியாது. விடும்போது ஒரே கரையில் கொட்டாமல், சாயங்காலம் நாலைந்து இடத்தில் பிரித்து விடச் சொல்லுங்கள். ஆழமான பக்கம் முள் வெட்டிப் போட்டால் மீனுக்கு ஒளிய இடம், திருட்டு வலைக்கும் தடை. உங்கள் தூண்டில்முள் சிக்கும்தான், அந்த மூலையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். அறுந்த தூண்டில் நூலை, அதாவது தங்கூசி நரம்பைக் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதே மடையருகே ஒரு நீர்க்காகத்தின் காலில் நரம்பு சுற்றி, சதையை அறுத்து எலும்புவரை இறங்கியிருந்தது. துண்டைப் போட்டுப் பிடித்து, பிளேடால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி எடுத்தேன். கையைக் கொத்திக்கொண்டே இருந்தது. விட்டதும் கொஞ்ச தூரம் நீந்தி முங்கியது, எங்கே எழுந்தது என்று தெரியவில்லை.

ஏலக்காரரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, குட்டை வெட்டுவதென்றால் இப்போதே தொடங்கலாம்.