தறி ஓடிய இரும்பில் ஒரு மயில்

கேள்வி: ஓட்டம் நின்றுபோன விசைத்தறிகளின் பல்சக்கரங்கள், செயின்கள், நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் மர நாடாக்கள் ஆகியவற்றைக் கொண்டு என் மகனும் அவன் நண்பர்களும் ஆளுயர மயில் ஒன்றைச் செய்து, ஏற்காட்டில் திறந்தவெளியில் நிறுத்தப் போகிறார்கள். எடைக்குப் போட வேண்டிய இரும்பைக் கலை என்று சொல்லலாமா? பொன்வண்ணமாவது பூசுங்கள், துருவும் பிடிக்காது என்றால் கேட்க மறுக்கிறான்.
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: தாராளமாகச் சொல்லலாம். பிக்காசோ 1942-இல் சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளைத் தலை ஒன்றைச் செய்தார். காளை கண்ணில் படும்போதே சைக்கிளும் தெரிவதுதான் அதன் சுவை. சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் கொண்டு 1957 முதல் யாருக்கும் தெரியாமல் உருவாக்கி வந்த பாறைத் தோட்டம், 1976-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

வண்ணத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் மகன் பக்கம். ஒரு நாடாவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: இரு முனைகளிலும் இரும்புக் கூர், நடுவில் நூல் சுற்றிய தார்க்குச்சி படுத்திருந்த பள்ளம், நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களின்மேல் ஓடி ஓடி வழவழத்துப்போன அடிப்பக்கம். தறிக்காரர் வீட்டில் பிறந்த எவரும் அந்த வழவழப்பைத் தொட்டதும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அதன்மேல் பொன்வண்ணத்தை அப்பிவிட்டால் பழைய நாடா எதற்கு, புது மரத்துண்டே போதுமே!

துருவைப் பற்றிய உங்கள் கவலை மட்டும் முற்றிலும் நியாயமானது. ஏற்காட்டில் மழையைக் காட்டிலும் மூடுபனிதான் இரும்புக்குப் பொல்லாதது. மழைநீர் வழிந்தோடிவிடும், பனியின் ஈரமோ செயின் கண்ணிகளிலும் பல்லிடுக்குகளிலும் தங்கிவிடும். எனவே, தறியின் பழைய எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் நிறமற்ற வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் எந்தப் பூச்சும் ஒட்டாது. நீர் தேங்கும் குழிவுகளில் துளையிடுவதும், மயிலை மண்ணில் நடாமல் கான்கிரீட் மேடைமேல் நிறுத்துவதும் அவசியம்.

சேலத்தில் எளிதாகக் கிடைக்கிறதே என்று எவர்சில்வர் துண்டுகளைத் தோகையில் சேர்ப்பதானால், அவற்றை இரும்பின்மேல் நேரடியாகப் பொருத்த வேண்டாம். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருப்பதால் எவர்சில்வர் தப்பித்துக்கொள்ளும். ஈரம் பட்டால் அதை ஒட்டியிருக்கும் சாதா இரும்புதான் இன்னும் வேகமாக அரிபடும். இடையே ரப்பர் துண்டு வைத்து, போல்ட்டுக்கும் ரப்பர் உறை போட்டு முடுக்கலாம். துத்தநாகம் பூசிய தகடுகளை வெல்டிங் செய்தால் எழும் புகை காய்ச்சலை வரவழைக்கும். பூச்சைச் சுரண்டிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் செய்யட்டும்.

நாடாக்கள் மரம் என்பதால் வெயிலிலும் மழையிலும் வெடித்துவிடும். அவற்றை இறக்கைக்கு அடியில், நனையாத பக்கமாகப் பொருத்தச் சொல்லுங்கள்.