பழைய பொருள்களுக்கு விலை ஏறுகிறது, தரமோ குறைகிறது. மதுரைப் பக்கமும் இப்படித்தானா?

அமெரிக்காவில் இருக்கும் உங்கள் உறவினர், அங்கே தானமாகப் பெற்ற பொருள்களை விற்கும் கடைகளில் நைந்த சட்டைக்குக்கூடப் புதுச் சட்டையின் விலையை நெருங்கிச் சொல்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டதாகவும், மதுரையின் பழைய பொருள் சந்தைகளிலும் இதே நிலைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே நிலைதான். தையல் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்து, இயந்திரங்களையும் உதிரி பாகங்களையும் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியே பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: விற்பவரின் பேராசையை மட்டும் இதற்குக் காரணம் காட்டுவது நியாயமாகாது. நல்ல பொருள் அவருடைய தார்ப்பாய்க்கு வந்து சேர்வதற்கு முன்பே வேறு வழியில் போய்விடுகிறது. எஞ்சியதை அவர் கைப்பேசியில் பார்த்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு விற்கிறார்.

அமெரிக்க நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள குட்வில் அமைப்பு, 1902இல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கியது. வசதியுள்ள வீடுகளிலிருந்து பழைய துணிமணிகளைச் சேகரித்து, ஏழைகளைக் கொண்டே அவற்றைச் செப்பனிட்டு விற்பது அவருடைய ஏற்பாடு. அதே அமைப்பு 1999 முதல் இணையத்தில் ஏலமும் நடத்துவதால், நகை, கேமரா, கைக்கடிகாரம் என்று விலைபோகக்கூடியவை அங்கே போய்விடுகின்றன. சேவர்ஸ் வேல்யூ வில்லேஜ் என்ற பெரிய கடைத்தொடரோ லாபத்துக்காகவே நடப்பது. 2023இல் நியூயார்க் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. தானமாக வரும் துணியிலும், நாலு தடவை துவைத்தால் சுருங்கிப்போகும் மலிவு ரகங்களே அதிகம். உங்கள் உறவினர் பார்த்தது, வடிகட்டி எடுத்த பிறகு மிஞ்சிய மண்டியைத்தான்.

மதுரையில் வடிகட்டுவது இணைய ஏலம் மட்டும் அன்று. அதற்கு இங்கே வேறு பல கைகள் உண்டு. எனக்கு நன்றாகத் தெரிந்த தையல் இயந்திரத்தையே எடுத்துக்கொள்கிறேன். பழைய சிங்கர், உஷா, மெரிட் இயந்திரங்கள் முன்பு தலையும் காலுமாக முழுதாகவே சந்தைக்கு வரும். இப்போது வார்ப்பிரும்புக் கால் தனியாகக் கழன்றுவிடுகிறது. அதன் மேல் ஒரு பலகையையோ கிரானைட்டையோ பொருத்தி உணவகங்களில் மேசையாகப் போடும் வழக்கம் வந்துவிட்டதால், காலுக்கு அலங்காரப் பொருள் வாங்குபவர்கள் தனி விலை கொடுக்கிறார்கள். அனாதையாக நிற்கும் தலைக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து, தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டி, 'ஓடுகிற மெஷின்' என்று விற்கிறார்கள். அப்படிப்பட்ட தலை ஒன்றைச் சென்ற தை மாதம் சந்தையில் கையில் எடுத்துப் பார்த்தேன். ஊசித் தண்டைப் பிடித்து அசைத்தபோது இடமும் வலமும் ஆட்டம் கொடுத்தது. துணியைத் தள்ளும் பற்கள் மழுங்கி, விரலால் தடவினால் வழுக்கின. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றும்போது ஓரிடத்தில் மட்டும் இறுகிப் பிறகு விட்டது. அடிநூலைத் தாங்கும் ஷட்டில் ஓடும் பாதை தேய்ந்துபோயிருப்பதற்கு அது அடையாளம். அதற்கு விற்பவர் சொன்ன விலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் புதுத் தலையே வாங்கிவிடலாம். 'ஏண்ணே, தேஞ்ச தலைக்கு இம்புட்டு வெலையா?' என்றேன். 'புதுசு என்ன வெலைன்னு நீங்களே போன்ல பாருங்க தம்பி, அதுல பாதிக்கு மேல கொஞ்சந்தான கேக்குறேன்' என்றார்.

அந்தப் 'பாதி' என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்பெல்லாம் பழைய பொருளின் விலை கீழிருந்து தொடங்கும்: எடைக்குப் போட்டால் இரும்புக்கு என்ன கிடைக்கும், அதைச் சரிசெய்ய எவ்வளவு செலவாயிற்று, இவற்றுக்கு மேல் ஒரு லாபம். இன்று விலை மேலிருந்து இறங்குகிறது. இணையத்தில் போட்டிருக்கும் அதிகபட்சச் சில்லறை விலையை அவர் உச்சமாக வைத்துக்கொள்கிறார். அந்த விலைக்கு எவரும் புதுப் பொருள் வாங்குவதில்லை, தள்ளுபடி போகத்தான் வாங்குகிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அச்சிட்ட விலையில் பாதி என்பது, ஆடித் தள்ளுபடியில் புதுப் பொருள் விற்கும் விலையைப் பல சமயம் தொட்டுவிடும்.

அந்த ஆடித் தள்ளுபடியே இன்னொரு வடிகட்டி. துணி துவைக்கும் இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் ஓடும் நிலையில் இருக்கும்போதே 'எக்ஸ்சேஞ்ச்' என்று கடைக்காரரே வாங்கிக்கொள்கிறார். அவை மொத்தமாக எடுப்பவர்களிடம் போய், செப்பனிடத்தக்கவை வேறு ஊர்களில் விலைபோகின்றன. நம் சந்தைக்கு வருவது கம்ப்ரசர் போனவையும், அடிப்பகுதி துருப்பிடித்தவையும். ஒரு காலத்தில் இதற்கு ஈடாக வேறொரு வரத்து இருந்தது. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும், 2011இலிருந்து கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறிகளும், விற்கக் கூடாது என்ற விதியையும் மீறி, அரசு முத்திரையோடே பழைய பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தவர்கள் பெட்டியைப் பிரிக்காமலே விற்றதால், பழைய விலைக்குப் புதுப் பொருள் கிடைத்த விசித்திரமான காலம் அது. அந்த இருப்பெல்லாம் தீர்ந்துபோய்விட்டது.

துணி விஷயத்தில் மாற்றம் இன்னும் அடிப்படையானது. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வந்தால், எங்கள் அம்மாச்சி சுங்குடிச் சேலைகளை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பேரம் பேசுவார். பழைய பருத்திச் சேலை குழந்தைக்குத் தூளியாகும், வேட்டி விளக்குத் திரியாகும், கடைசியில் கரித்துணியாகவாவது உழைக்கும். பாலியஸ்டர் சேலை எதற்கும் ஆகாது. தண்ணீரையும் உறிஞ்சாது, அடுப்படியில் வைத்தால் ஆபத்து. ஆகவே ஒரு எவர்சில்வர் கிண்ணத்துக்கு முன்பு கேட்டதைப்போல இரண்டு மடங்கு துணி கேட்கிறார்கள். அதில் அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் 'பழைய பட்டுச் சேலை வாங்குறது' என்று கூவி வருபவர்கள் வேறு இனம். அசல் ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள்; அந்த வெள்ளிக்காகவே சேலையை வாங்குகிறார்கள். வெள்ளி விலை ஏற ஏற, கட்டத்தக்க பழைய பட்டும் எரிக்கப்படுவதற்குப் போகிறது. பழைய பட்டு வாங்கிப் பாவாடை தைக்க நினைப்பவருக்குக் கிடைப்பது செம்புக் கம்பியில் செய்த போலி ஜரிகைச் சேலைதான், அதையும் 'அசல் காஞ்சிபுரம்' என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

பழைய புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழகத்தில் 2018இலும் 2019இலும் பள்ளிப் பாடத்திட்டம் மாறிய பிறகு, முந்தைய பாடநூல்கள் எடைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் பழையதையும் புதியதையும் சேர்த்தே தேடுவதால், கிழிந்த சமூக அறிவியல் புத்தகத்துக்கும் கிராக்கி இருக்கிறது. அட்டை விலையில் பாதி என்ற பழைய வழக்கம் அங்கே செல்லாது. நடைபாதையில் 'பழையது' என்று கிடைக்கும் ஆங்கில நாவல்களில் பல, தாள் மெலிந்த திருட்டுப் பதிப்புகள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனால் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடுகள் பாகம் பிரிந்தபோது வெளியே வந்த ஸ்வீடன் எனாமல் பாத்திரங்கள், பர்மாத் தேக்குத் தூண்கள், நெல் அளக்கும் மரக்கால், ரவிவர்மா அச்சுப் படங்கள் எல்லாம் குவிந்து கிடந்த தெரு அது. வீடுகளின் எண்ணிக்கை கூடப்போவதில்லை. வாங்க வருபவர்களோ விடுதி நடத்துபவர்கள், திரைப்படக் கலை இயக்குநர்கள், பெங்களூரிலிருந்து காரில் வருபவர்கள் என்று பெருகுகிறார்கள். ஆகவே புதிதாக வார்த்த பித்தளைக்குப் புளியும் அமிலமும் பூசிப் பாசி நிறம் ஏற்றி வைப்பதும் நடக்கிறது. 'இருநூறு வருசப் பழசு' என்று அடித்துச் சொல்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த சிற்பம், ஓவியம், கட்டடத்திலிருந்து பெயர்த்த வேலைப்பாடு போன்ற தொல்பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யவே கூடாது. அவர் சொல்வது பொய் என்றால் நமக்கு நஷ்டம், மெய் என்றால் அவருக்குச் சிக்கல்.

விற்பவர் பக்கத்துச் செலவும் கூடியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. சரக்கு ஆட்டோ வாடகை, மழைக்காலத்தில் ஞாயிறுகள் வீணாவது, கூலி ஆள் கிடைக்காதது எல்லாம் அவர் தலையில்தான் விடிகின்றன. ஆனால் இவை விலை கூடியதற்குக் காரணமாகலாம், தேய்ந்த பொருளுக்குப் பெயின்ட் அடிப்பதற்குக் காரணமாகாது.

இன்றைய நிலையில் எதை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். தேய்மானம் கண்ணுக்குத் தெரியும் பொருள்களையே வாங்குங்கள். ஸ்பானர், உளி, மேசைப்பிடி (வைஸ்), ஆணி பிடுங்கும் கடப்பாரை போன்றவை திலகர் திடலில் இன்றும் விலைக்குத் தக்க பொருள்கள். ஸ்பானரின் வாய் விரிந்திருக்கிறதா என்று சரியான அளவு நட்டை மாட்டிப் பார்த்துவிடலாம். மரச் சாமானில் நகத்தால் கீறிப் பார்ப்பதைவிட, டிராயரை முழுதாக வெளியே இழுத்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பித்தளைக்குப் போகுமுன் அன்றைய எடை விலையைப் பாத்திரக் கடையில் கேட்டுக்கொண்டு போனால், வேலைப்பாட்டுக்கு எவ்வளவு சேர்த்துக் கொடுக்கிறோம் என்பதாவது தெரியும். மிக்ஸியையும் மோட்டாரையும் மின் இணைப்பு இல்லாத இடத்தில் வாங்காதீர்கள். கைப்பேசி வாங்கியே ஆக வேண்டுமென்றால், *#06# என்று அழுத்தி வரும் பதினைந்து இலக்க எண்ணை, மத்திய அரசு 2023இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அங்கேயே நின்று சோதித்துவிட்டு, பழைய பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள். திருட்டுக் கைப்பேசி என்று பதிவானால் அது எந்தச் சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்கிவிடுவார்கள், விற்றவரை அடுத்த ஞாயிறு அதே இடத்தில் தேடுவது வீண்.