கடிக்குதெண்டு எல்லாச் சாப்பாட்டையும் நிப்பாட்டலாமா?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. மூண்டு மாசமா கையிலயும் வயித்திலயும் தடிச்சுத் தடிச்சுக் கடிக்குதாம், ஒரு மணித்தியாலத்தில அது மறைஞ்சு வேற இடத்தில வருதாம், பிரிட்டன் (Piriton) அலர்ஜிக் குளிசை போட்டா அடங்குதாம் ஆனா ஒபிஸில தூங்கி விழுறாவாம். மாமி "கிரந்தி" எண்டு சொல்லி இறால், நண்டு, சூரை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டா, இப்ப ரசமும் சோறும்தானாம், அப்பிடியும் நிக்கேல்லயாம்.

தங்கச்சி, முதல்ல வயிறு நிறையச் சாப்பிடுங்கோ. (அந்த ரசத்துக்கும் தக்காளி போட்டிருப்பா எண்டு நினைக்கிறன்.) மாமியின்ர லிஸ்ட் பிழையில்ல, ஆனா அது ஊருக்குப் பொது, உங்கட உடம்புக்கு அதில ஒண்டோ ரெண்டோதான் ஒத்துவராது, சிலவேளை ஒண்டுமே இருக்காது.

இதை ஆயுர்வேதத்தில நாங்கள் சீதபித்தம் எண்டு சொல்லுவம். மாதவ நிதானம் எண்ட பழைய ஆயுர்வேத நூலில குளவி குத்தின மாதிரித் தடிப்பு எண்டு இருக்கு, காரணமா குளிர்காத்தைச் சொல்லியிருக்கு. நீங்க 100 பஸ்ஸில வேர்த்து ஊத்திப் போய் நேர ஏசிக்குக் கீழ இருக்கிறன் எண்டும் எழுதியிருக்கிறியள், அதையும் கொஞ்சம் யோசியுங்கோ, கதிரையை மாத்திப் போடுங்கோ.

சூரை விஷயம் வேற. ஐஸ் இல்லாமல் வெயிலில கிடந்த சூரையில ஹிஸ்டமின் எண்ட, தடிப்பும் கடியும் தாற பொருள் கூடும், எவ்வளவு கொதிக்க வச்சாலும் அது போகாது, மீன் பாக்க மணக்க நல்லாத்தான் இருக்கும். வாயில வச்ச உடன மிளகு மாதிரிச் சுள்ளெண்டா துப்பிப்போடுங்கோ. அது உங்கட அலர்ஜி இல்ல, மீன் பழுது.

ஒரு கொப்பி எடுத்து ரெண்டு கிழமைக்கு சாப்பிட்டது, தடிச்ச நேரம், உடுத்த உடுப்பு எல்லாம் எழுதுங்கோ, இறுக்கின பெல்ட் பட்ட இடத்திலயும் தடிக்கும். பிறகு நிப்பாட்டினதை மூண்டு நாளைக்கு ஒண்டாத் திருப்பிச் சேருங்கோ. ஆனா எதையாவது சாப்பிட்டு முந்தி சொண்டு வீங்கினதெண்டா அதை வீட்டில சோதிக்க வேண்டாம். மீன் சாப்பிட்ட கையோட பால் தேத்தண்ணி, ராத்திரியில தயிர், பிரிஜ்ஜில மூண்டு நாள் கிடந்த கறி, அச்சாறு, இதுகள் வேண்டாம். புடலங்காய், பாகற்காய், பயறு, மல்லித் தண்ணி நல்லம்.

இளஞ்சூட்டுத் தண்ணியில குளியுங்கோ, சவர்க்காரத்துக்குப் பதிலா பயத்தம் மா போதும், தேய்ச்சுப் பிரட்டாதேங்கோ. லேபல் ஒட்டாத தூள், கிறீம் ஒண்டும் வேண்டாம், சிலதில ஸ்டீரொயிட் கலந்திருக்கும், அதைக் கண்டு கண்டு எனக்கு அலுத்துப்போச்சு.

ஆறு கிழமை தாண்டினபடியால ஸ்கின் டொக்டரையும் பாருங்கோ, தைரொயிட் பாக்கோணுமோ எண்டு கேளுங்கோ, தூங்கி விழ வைக்காத அலர்ஜிக் குளிசையும் இருக்கு. சொண்டு, நாக்கு வீங்கினா, மூச்சு இழுத்தா கசாயம் காய்ச்சிக்கொண்டு இருக்காமல் உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

மாமியிட்டச் சொல்லுங்கோ, கத்தரிக்காயில இருந்து தொடங்குறம் எண்டு.