கார்னிஷ் என்ற ஆங்கில வினைச்சொல் சமையலுக்கு மட்டும்தானா?

சமையல் வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'கடைசியா மல்லித்தழை தூவி கார்னிஷ் பண்ணுங்க' என்பார்களே, அந்த அர்த்தம் சரிதான். பரிமாறும் முன் பதார்த்தத்தை அலங்கரிப்பது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது கார்னிஷ் ஆவது பிரியாணி, மல்லித்தழை அல்ல. 'மல்லித்தழையை கார்னிஷ் செய்' என்று எழுதினால் தப்பு. என்னைக் கேட்டால் தாளிப்பையும் இதில் சேர்க்கக் கூடாது. தாளிப்பு ருசிக்கு, அழகுக்கு அல்ல.

வங்கியில் வேலை பார்த்த எனக்கு இந்தச் சொல் கோர்ட் வழியாகத்தான் பழக்கம். கடன்பட்டவருக்கு யார் பணம் தர வேண்டியிருக்கிறதோ, அந்த மூன்றாம் ஆளிடம் 'அவருக்குக் கொடுக்காதே, பிடித்து வை' என்று சொல்வதுதான் கார்னிஷி ஆர்டர். சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 21, விதி 46-ஏ. அந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் வங்கிதான்.

எங்கள் கிளைக்கு ஒரு அம்மா, கார்னிஷி ஆர்டரால் கணக்கை முடக்கியிருக்கிறோம் என்று வங்கி அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தோடு வந்தார். மெஸ் நடத்துபவர். கணவர் யாருக்கோ ஜாமீன் போட்டு மாட்டியிருந்தார். கூட வந்த மகள் போனை நீட்டி, "அங்கிள், டிக்‌ஷனரில அலங்கரிக்கறதுன்னு போட்டிருக்கு, அப்புறம் ஏன் பணம் எடுக்க முடியலை?" என்றாள். உத்தரவு கணவர் பெயரில் மட்டும். புதிதாக வந்த ஆபீசரோ கணவன் மனைவி கூட்டுக் கணக்கையும் சேர்த்து முடக்கியிருந்தார். தனி ஆள் மேல் வந்த உத்தரவு கூட்டுக் கணக்கைக் கட்டுப்படுத்தாது என்று எடுத்துச் சொன்னேன். சட்டப் பிரிவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத் தடையை எடுத்தார். அரிசி மண்டிக்கு அந்த அம்மா கொடுத்திருந்த செக் மறுநாள் பாஸானது. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமை உண்டு.

வக்கீல்கள் சண்டைக்கு வர வேண்டாம். இருவர் மேலும் உத்தரவு வந்தால் கதை வேறு. வருமான வரித் துறை நோட்டீஸும் வேறு, அது கூட்டுக் கணக்கையும் தொடும்.

இரண்டு அர்த்தத்துக்கும் வேர் ஒன்றுதான். பழைய பிரெஞ்சில் கார்னிர் என்றால் எச்சரிப்பது, தேவையானதைக் கொடுத்து ஆயத்தப்படுத்துவது. ஆயத்தம் அலங்காரமாயிற்று, எச்சரிக்கை கோர்ட்டுக்குப் போயிற்று. அமெரிக்காவில் சம்பளத்தைப் பிடிப்பதற்கு இதையே வினைச்சொல்லாகச் சொல்வார்கள். சாதாரணக் கடனுக்குக் கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1968-ம் ஆண்டுச் சட்டம் அங்கே இருக்கிறது. நம் ஊரில் 'சம்பளத்தை அட்டாச் பண்ணிட்டாங்க' என்போம். ஜீவனாம்ச வழக்கு தவிர மற்றவற்றில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது.

கேட்காததையும் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கீழ்க்கோர்ட்டில் தமிழிலேயே தீர்ப்பு எழுதலாம். கணக்கை முடக்கியதைச் சொல்லும் வங்கிக் கடிதம் மட்டும் ஏன் இங்கிலீஷில் போக வேண்டும்? நாலு வரித் தமிழ் வாசகம் நானே எழுதிக் கொடுத்தேன். படிவத்தை மாற்ற மேலிட அனுமதி வேண்டும் என்றார்கள். நான் ரிட்டயர் ஆகும் வரை அது வரவில்லை.